வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் ஒரே இருக்கை

1

இந்தக் கதை ஒரு பொத்தானை அழுத்தியதில் தொடங்கியது. பொத்தானின் மேல் 'ஒன்றாக்கு' என்று எழுதியிருந்தது. அழுத்தியவள் நான்.

இதற்கு முன் எழுதிய வரைவுகளில் இந்த விஷயத்தை ஒன்பதாம் பக்கம் வரை ஒளித்து வைத்திருந்தேன். அவற்றைப் படித்த தோழி, "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டாள். சொல்லித் தொலைத்துவிட்டேன்.

இனி 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது பத்திக்குள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். மன்னிப்பாகவே போகும் கதையை யார் முழுதாகப் படிப்பார்கள்? 'அவள்' என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம்.

2

தொடக்க வரிகள், கைவிட்டவை:

"மழை நின்ற மாலையில் அந்த நாடக அரங்கத்தின் கதவுகள்—" (மழை பெய்யவில்லை.)

"மனித மனம் ஒரு தரவுத்தளம்—" (மனித மனம் எதுவாக இருந்தாலும் தரவுத்தளம் இல்லை. தரவுத்தளத்தில் தேடினால் கிடைக்கும்.)

"பதினோராயிரத்து நானூறு பேரை அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் அவள் பேசியதில்லை."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

முந்நூற்று நாற்பது இருக்கைகள் கொண்ட அரங்கம் அது. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால், பழைய சுவரொட்டிகள் சுருட்டி அடுக்கிய அறையில் அவளுக்கு ஒரு மேசை. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரையும் ஒரு சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருந்தது: யார், எந்த நாடகம், எந்த நாள், எந்த இருக்கை, எத்தனை நாளாக வரவில்லை. வராதவர்களுக்கு 'உங்களைக் காணோமே' என்று கடிதம், அடிக்கடி வருபவர்களுக்கு 'உங்களுக்காகவே' என்று கடிதம். அவற்றை அனுப்புவதுதான் அவள் வேலை. விலங்கியல் படித்தவள். கல்லூரியில் தவளைகளை வகைப்படுத்தினாள், இங்கே ரசிகர்களை. கவுண்டரில் உட்காரும் அக்கா அவளுக்கு 'சயின்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் மேனேஜர் வரை ஒட்டிக்கொண்டது.

கவுண்டர் அக்காவுக்கு சாஃப்ட்வேரைக் கண்டால் ஆகாது. "அதுக்கு மூஞ்சி தெரியாது சயின்ஸ். மூஞ்சி தெரியாதவன் எப்படி வியாபாரம் பண்ணுவான்?" என்பார். ஆனால் அதில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் அவர் விடாமல் பயன்படுத்தினார். ஒவ்வொருவர் பதிவிலும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. 'இடது காது கேட்காது, வலது ஓரம் கொடு.' 'குழந்தை அழும், கதவுப் பக்கம்.' 'சில்லறை கேட்டால் கோபம் வரும்.' எல்லாம் அவர் கைவண்ணம்.*

* சாஃப்ட்வேரில் ஒரு ஆளைப் பற்றி அறுபத்து நான்கு பெட்டிகள் இருந்தன. எண்ணிப் பார்த்திருக்கிறேன். அறுபத்து மூன்றை மேனேஜர் பார்ப்பார். அறுபத்து நான்காவதை கவுண்டர் அக்காவைத் தவிர யாரும் பார்ப்பதில்லை.

3

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், கதை சுலபமாக நகர்ந்தது. ஆனால் அவர் என் பிறந்தநாளுக்குத் தன் கையால் வாழ்த்து அட்டை எழுதியவர். ஆகவே நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு இருந்த ஒரே பிரச்சினை, ஒரே ஆளுக்கு இரண்டு நிகழ்ச்சி நிரல்கள் தபாலில் போவது.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு கவர் போச்சுன்னா சிரிப்பாங்க சயின்ஸ். ரெட்டப் பதிவு எல்லாத்தையும் இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாக்கிடு. என்ன?"

"சரி சார்."

ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜோடிகள். சாஃப்ட்வேரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும், இவர்கள் ஒரே ஆளாக இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். அவள் படித்துப் பார்த்து அழுத்த வேண்டும். அவள் தனக்குள் ஒரு விதி வைத்திருந்தாள்: தொண்ணூற்றைந்துக்குக் கீழே எதையும் நம்பக் கூடாது. ஆய்வகத்தில் கற்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன பசியில், ஒரு ஜோடி வந்தது. இரண்டு பெயர்களுக்கும் முதலெழுத்து ஒன்று. அப்பா பெயர் ஒன்று. பழைய வீட்டுத் தொலைபேசி எண் ஒன்று. இரண்டு பதிவுகளிலும் வருடத்துக்கு ஒன்பது நாடகங்கள், அத்தனையும் சி வரிசை பதினோராவது இருக்கை. எப்போதும் ஒரே ஒரு டிக்கெட்.

தொண்ணூற்று நான்கு சதவீதம்.

ஒரு சதவீதத்தை விட்டுக்கொடுத்தாள். 'இதை மீட்க முடியாது. தொடரவா?' என்று திரை கேட்டது. அன்று காலையிலிருந்து இருநூறு முறை கேட்டுவிட்டது. தொடர்ந்தாள். சாப்பிடப் போனாள்.

4

அந்த ஒரு கிளிக்கில் பிறந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்தில் இல்லாத ஒரு பெண். பெயர் ஒருத்தியுடையது, வீட்டு முகவரி இன்னொருத்தியுடையது. ஒவ்வொரு நாடகத்தையும் வெள்ளிக்கிழமை ஒரு முறை பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்து இன்னொரு முறை பார்ப்பாள். வருடத்துக்குப் பதினெட்டு வருகைகள். பட்டியலில் முதலிடம்.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். "ரெண்டு தடவ பாக்கறாங்கம்மா! ஒவ்வொண்ணையும்! இந்த மாதிரி ரசிகர் கிடைக்க நாம குடுத்து வச்சிருக்கணும்."

அரங்கத்தில் அப்போது ஒரு புதிய ஏற்பாடு. முதலிடத்திலிருந்து இருபதாம் இடம் வரை உள்ளவர்களைப் புதிய நாடகத்தின் கடைசி ஒத்திகைக்கு அழைப்பது. ஆளுக்கு இரண்டு இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில். இடைவேளையில் நடிகர்களோடு தேநீர். முன் மூன்று வரிசைகளில் மட்டும் ஆள். பின்னால் முழுக்க ஒளிக்கருவிகள், கம்பிகள், பலகைகள். சாஃப்ட்வேர் வழக்கம்போல அழைப்பைத் தபாலில் ஒன்றும் ஈமெயிலில் ஒன்றும் அனுப்பியது. தபால் அந்த ஜோடியில் அக்காவின் வீட்டுக்குப் போனது. ஈமெயில் தங்கைக்குப் போனது.

ஆம், அக்கா தங்கை. உங்களுக்கு நாலு பத்திக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா பதில் அட்டையில் 'ஒருவர் மட்டும்' என்று குறியிட்டு அனுப்பினார். தங்கை ஈமெயிலில் 'ஒருவர் மட்டும்' என்று சொடுக்கினார். சாஃப்ட்வேர் இரண்டையும் கூட்டிப் பார்த்தது. இரண்டு பேர், இரண்டு இருக்கைகள். சி-பதினொன்று, சி-பன்னிரண்டு. எல்லாம் சரி என்று பச்சை நிறத்தில் ஒரு குறி போட்டது.

5

கவுண்டர் அக்கா பத்து நாள் விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை திரும்பி வந்தார். ஒத்திகை புதன்கிழமை. இருக்கைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கையில் தேநீரோடு படித்துக்கொண்டே நடந்தார்.

"யாரிந்தப் புண்ணியவதி, பதினெட்டு தடவ? எனக்குத் தெரியாம ஒருத்தி இங்க குடித்தனமே பண்ணியிருக்கா."

சிரித்துக்கொண்டே பதிவைத் திறந்தார். வெள்ளி, ஞாயிறு, வெள்ளி, ஞாயிறு. சிரிப்பு நின்றது.

"சயின்ஸ். இங்க வா."

வந்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"ரெட்டப் பதிவுக்கா. சார்தான் ஒண்ணாக்கச் சொன்னாரு."

"ரெட்டப் பதிவா? ரெண்டு பொம்பளைங்கடி இது! குறிப்ப எங்க? குறிப்பு ஒண்ணு எழுதி வச்சிருந்தேனே, அது எங்க?"

ஒன்றாக்கும்போது புதிய பதிவின் குறிப்பு நிற்கும், பழையதன் குறிப்பு போய்விடும். சாஃப்ட்வேரின் வழக்கம் அது. தங்கையின் பதிவுதான் புதியது. அதில் குறிப்பு காலி. காலி நின்றது, எழுதியது போயிற்று.

"என்ன எழுதியிருந்தீங்கக்கா?"

கவுண்டர் அக்கா தேநீரைக் கீழே வைத்தார். மனப்பாடமாகச் சொன்னார். "அக்கா வெள்ளி. தங்கை ஞாயிறு. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் குடுக்காத. கேள்வி கேக்காத."

பிறகு விவரம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் தன் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை மாற்றித் தரச் சொல்லி ஒரு பெண்மணி கவுண்டருக்கு வந்திருக்கிறார். மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவர். 'அன்னிக்கு என் தங்கச்சி வர்றா, நான் வெள்ளிக்கிழமை வந்துக்கறேன்' என்றிருக்கிறார். பிறகு, 'அவ எந்த சீட் எடுத்திருக்கா?' என்று கேட்டிருக்கிறார். சி-பதினொன்று. 'அதையே குடுங்க.'

"அன்னிலேருந்து அப்படியேதான். தங்கச்சி நீச்சல் சொல்லிக் குடுக்கறவ. ஞாயித்துக்கிழமை வருவா, உக்காருவா, போவா. அவளுக்கு இது தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மா வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கும்போது 'ஞாயிறு வித்தாச்சா'ன்னு மட்டும் கேக்கும். ஆச்சுன்னு சொன்னா மூஞ்சி தெளிஞ்சிடும்."

"ஏன்க்கா பேசிக்க மாட்டாங்க?"

"அதான் எழுதியிருந்தேனே, கேள்வி கேக்காதன்னு."

6

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு காரணம் தேவைப்படும் என்று தெரியும். மூன்று காரணங்கள் எழுதினேன். அம்மாவின் கடைசி மாதங்களை யார் பார்த்துக்கொண்டது என்பது ஒன்று. ஒரு கல்யாணம் ஒன்று. மூன்றாவது மிகச் சின்னது, ஒரு தொலைபேசி அழைப்பில் சொன்ன ஒரு வார்த்தை; அந்த வார்த்தை என்ன என்று எனக்கே—

மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அக்கா தன் சால்வையை இருக்கையில் மறந்துவிட்டுப் போவதாகவும், ஞாயிறு அது தங்கை கையில் கிடைப்பதாகவும் ஒரு பக்கம் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. நடக்கவில்லை. வெள்ளி இரவே பெருக்கிவிடுவார்கள், சனிக்கிழமை வேறொருவர் அங்கே உட்காருவார். அதையும் அடித்தாயிற்று.

[சனிக்கிழமை சி-பதினொன்றில் உட்காரும் ஆளைப் பற்றி நினைத்தால் சில சமயம் சிரிப்பு வருகிறது. பாவம், அவர் நாடகம் பார்க்க வந்தவர்.]

7

விஷயத்தைக் கேட்டு மேனேஜர் பதறிப்போனார். அதைப் பார்த்து அவளுக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

"ஒருத்தர வேற வரிசைல போட்டுடலாமா?"

"மூணே வரிசை சார். நாப்பது பேரு. இடைவேளைல எல்லாரும் ஒரே மேஜையில டீ குடிக்கணும். எங்க ஒளிய வைப்பீங்க?" என்றார் கவுண்டர் அக்கா. "யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"யார் சொல்றது?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

தொலைபேசி என்றால் அவளுக்குக் கை வியர்க்கும். பீட்சா வேண்டுமென்றால்கூடத் தம்பியைவிட்டுத்தான் சொல்லச் சொல்வாள். அன்று ஒரு தாளில் பேச வேண்டியதை முழுதாக எழுதினாள். 'வணக்கம் மேடம். கோபப்பட்டால் பக்கம் 2. அழுதால் பக்கம் 3. யார் நீ என்று கேட்டால் பெயரைச் சொல்.' மூன்று பக்கம் வந்தது. மருந்துக்கடை எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க."

"வணக்கம் மேடம், நாடக அரங்கத்துலேருந்து பேசறேன். புதன்கிழமை ஒத்திகைக்கு உங்களுக்கு அழைப்பு—"

"ஆமா வந்துச்சு, சந்தோஷம். ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். உங்களுக்கு இல்லம்மா, இங்க ஒருத்தருக்குச் சொன்னேன். சொல்லுங்க."

சொன்னாள். பதிவு, தொண்ணூற்று நான்கு சதவீதம், பொத்தான், குறிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பக்கம் ஒன்றிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. எதிர்முனையில் மாத்திரை அட்டையை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"அவ வர்றேன்னு சொல்லியிருக்காளா?"

"ஆமா மேடம்."

"எத்தன பேரா?"

வாடிக்கையாளர் ஒருவரின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாளில் அதுதான் முதல் விதி. அவளுக்கு அது தெரியும்.

"ஒருத்தர்தான் மேடம்."

"ஞாயித்துக்கிழமையும் தனியாத்தான் வர்றாளா? எப்பவுமா?"

"…எப்பவும் ஒரு டிக்கெட்தான்."

அங்கே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "இருங்க" என்றார் அவர்களிடம், கொஞ்சம் கடுமையாக.

பிறகு இவளிடம், "நான் வரலம்மா. அவகிட்ட எதுவும் சொல்லிட வேண்டாம். நிம்மதியா பாக்கட்டும்."

"சாரி மேடம். நான்தான்—"

"என் கையாலயும் மருந்து மாறியிருக்கு ஒரு தடவ. நல்லவேளை, வாங்கிட்டுப் போனவர் திரும்பி வந்து கேட்டாரு. வச்சிடறேன்."

8

முடிவுகள், எழுதிப் பார்த்தவை:

தங்கை மட்டும் வந்து, பார்த்து, போகிறார். அடுத்த வெள்ளி அக்கா வழக்கம்போல வருகிறார். கவுண்டர் அக்கா புதிய குறிப்பு எழுதுகிறார். (நேர்மையான முடிவு. இதுதான் நடக்கும் என்று அவளும் நம்பினாள். அதனால்தான் புதன்கிழமை கொஞ்சம் சாப்பிட முடிந்தது.)

இருவரும் சந்தித்து, கட்டிப் பிடித்து அழுகிறார்கள். மேனேஜர் படம் எடுத்து அடுத்த நிகழ்ச்சி நிரலின் அட்டையில் போடுகிறார். (இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, அதனால் சந்தேகமும் வந்தது.)

தங்கை எழுந்து வெளியே போய்விடுகிறார். வெள்ளி ஒரு இருக்கை காலி, ஞாயிறு ஒரு இருக்கை காலி. பதினெட்டு மாதம் கழித்து சாஃப்ட்வேர் அந்த இல்லாத பெண்ணுக்கு 'உங்களைக் காணோமே' என்று கடிதம் அனுப்புகிறது. (இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதற்கு அப்புறம் இரண்டு வாரம் எதுவும் எழுதவில்லை.)

அறிவியல் படித்தவளாக மூன்றுக்கும் ஆதாரம் தேடினேன். எதற்கும் இல்லை. நடந்தது எனக்குத் தெரிந்த மட்டும் இதோ.

9

புதன்கிழமை அவளை வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்ய நிறுத்தியிருந்தார்கள். ஆறே முக்காலுக்குத் தங்கை வந்தார். தலை ஈரம் காயவில்லை, தோளில் ஒரு பை, பக்கத்தில் வந்தபோது நீச்சல்குளத்து குளோரின் வாசனை. "சி-பதினொன்னு எப்பவும்போல இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். பக்கத்து இருக்கையில் பையை வைத்தார்.

ஏழு மணிக்கு முதல் மணி அடித்தது. கதவை மூடும் பையன் என்று யாரும் அங்கே இல்லை, அதுவும் அவள் வேலைதான். முப்பத்தொன்பது பேர் உள்ளே. இடது பக்கக் கதவைச் சாத்தினாள். வலது பக்கக் கதவில் கை வைத்தபோது படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது.

மருந்துக்கடை அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. அவள் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த முகத்தின் அதே நெற்றி.

"நீதானே போன் பண்ண பொண்ணு?"

"ஆமா மேடம்."

"வரலன்னுதான் சொன்னேன். கடைய மூடிட்டு வீட்டுக்குத்தான் கெளம்பினேன். பஸ் இந்தப் பக்கமா வந்துடுச்சு."

எந்த பஸ்ஸும் அந்தப் பக்கம் வருவதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

அவர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஈரத் தலை. பார்த்துவிட்டுச் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார், திருடியதுபோல.

"தலைய தொவட்டவே மாட்டா," என்றார் மெதுவாக. "சின்ன வயசுலேருந்து சொல்றேன்."

இரண்டாவது மணி அடித்தது. கவுண்டர் அக்கா டிக்கெட் கூண்டுக்குள் இருந்து எழுந்து நின்றார், ஆனால் வெளியே வரவில்லை.

"இங்க பாரும்மா. நான் பாத்த நாடகத்த ரெண்டு நாள் கழிச்சு அவ பாப்பா. நான் எழுந்த சீட்ல அவ உக்காருவா. எந்த எடத்துல சிரிப்பா, எந்த எடத்துல கண்ணத் தொடச்சிப்பான்னு எனக்குத் தெரியும். ஆறு வருஷமா அதுலயே ஓட்டிட்டேன். இப்ப நான் உள்ள போய், அவ எந்திரிச்சுப் போயிட்டான்னு வையி. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையும் வர மாட்டா. இதுவும் போயிடும் எனக்கு."

"ம்."

"போகலன்னா… தனியா வர்றான்னு நீ சொல்லாம இருந்திருந்தா நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவள் ஸ்கேனரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"போகவா, வேண்டாமா? எனக்கு ஒண்ணும் ஓடல. நீயே சொல்லு."

உள்ளே விளக்குகள் மங்கத் தொடங்கின. மூன்றாவது மணிக்கு அப்புறம் கதவைத் திறக்க முடியாது, நடிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். சி-பன்னிரண்டின் மேல் இருந்த பையைத் தங்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டதைக் கதவிடுக்கு வழியாக அவள் பார்த்தாள். அது பக்கத்தில் யாராவது வரக்கூடும் என்பதற்காகவா, பைக்குள் எதையாவது தேடவா, தெரியவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்—

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை எழுதினேன். 'போங்க மேடம்' என்று எழுதினால் அது தொண்ணூற்று நான்கு சதவீதத்தை நம்பி அழுத்திய அதே விரல். 'வேண்டாம்' என்று எழுதினால் அந்த அம்மா படியிறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 'அவள்' என்ற சொல்லுக்குப் பின்னால் இனி ஒளிய முடியவில்லை. என் கை கதவில் இருக்கிறது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மணி அடிக்க இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. இந்த நடைவழியில் அவரையும் என்னையும் தவிர இருப்பது நீங்கள் மட்டும்தான்.

அவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.